ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் என்ன எழுதினார்கள்? வேலையில் அடிபட்டவர்கள் சொல்லுங்கள்

கறுப்பு_விரல்:
2018, ஆடி மாதம். கப்பலூர்ப் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனி, மிக்சிங் மில் (ரப்பரோடு கார்பன் தூளைக் கலக்கும் மெஷின்), நைட் ஷிப்ட். அந்த மெஷினைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ரோல், நடுவில் கையுறை நுனி, அவ்வளவுதான். வயிற்றால் ஸ்டாப் பாரை இடித்துவிட்டதால் கை தப்பியது. வலது ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனது.

சொல்ல வந்தது அதை இல்லை. சூப்பர்வைசர் தன் காரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் "நான் இருக்கேன்டா தம்பி" என்றார். உள்ளே போனதும் என்னை முந்திக்கொண்டு, "வீட்டுல கிரைண்டர்ல கைய விட்டுட்டான் சார்" என்றார். நான் காண்டிராக்டர் ஆள், இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பெயர் இல்லை. அதுதான் காரணம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

டியூட்டி டாக்டர் சின்ன வயது. புண்ணைக் கழுவக் கழுவக் கார்பன் தூள் வந்துகொண்டே இருந்தது. டிரேயில் மை கொட்டியது போலத் தண்ணீர். நிமிர்ந்து பார்த்தார். "ஏம்ப்பா, உங்க வீட்டுல மாவு கறுப்பாவா இருக்கும்?"

சூப்பர்வைசர் கை என் தோளில் இருந்தது. நான் "எள்ளு சார்" என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டார். கம்பெனி 40,000 கொடுத்தது. எட்டு மாதம் கழித்து, வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஏ.ஆர். காப்பியை, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலை, எடுத்துப் பார்த்தால் என் வாயால் சொன்னதுதான் அதில் இருக்கிறது.

கார்டிங்_அம்மா_மகன்:
எங்கள் அம்மாவுக்கு அடிபடவில்லை, மூச்சு. 22 வருடம் நூல் மில்லில் பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதி. ஞாயிற்றுக்கிழமை லீவில் நன்றாக இருப்பாள். திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தால், நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கு என்பாள். வாரம் போகப் போகக் கொஞ்சம் குறையும், மறுபடி திங்கட்கிழமை அதே கதை.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து நேரே டிஸ்பென்சரி போனோம். அம்மா தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. டாக்டரம்மா ஸ்டெத் வைக்கக் குனிந்தவர், அந்தப் பஞ்சை ஃபூ என்று ஊதிவிட்டு, "தூசிப் பக்கம் போகாதீங்கம்மா" என்றார். சீட்டில் ஆஸ்துமா.

பஞ்சுத் தூசியால் வரும் அந்த நோய்க்குப் பிசினோசிஸ் என்று ஒரு பெயர் உண்டு, சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது என்பதெல்லாம் அம்மா வேலையை விட்டு நாலு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய் என்றால் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் 91 நாள்தான். வேலையால் வந்ததென்று ஒப்புக்கொண்டால் 90 சதவீதம். எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று அந்த டாக்டரம்மா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

டைம்_ஆபீஸ்:
கறுப்பு விரல் தம்பி, கோபப்படாதீர்கள். உங்கள் "எள்ளு"தான் அந்தக் கம்பெனியைக் காப்பாற்றியது. பெயர் பதியவில்லை என்றாலும் தொழிலாளிக்கு உரிமை உண்டு. இ.எஸ்.ஐ. கழகம் பணத்தைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கும். நீங்கள் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் போதும்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. 11 வருடம் டைம் ஆபீஸில், ஆள் வருகைப் பதிவு பார்க்கும் இடத்தில், இருந்தவன். ஒரு பையன் ஐந்து மாதமாக வேலை செய்கிறான், இ.எஸ்.ஐ.யில் பெயர் ஏற்றவில்லை. ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்குப் பிரஸ்ஸில் கை மாட்டியது. ஆறு மணிக்கு முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "இன்னைக்குத் தேதியில சேத்துவிடுப்பா" என்றார். சேர்த்தேன். அப்புறம் விபத்து ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் போனால், அங்கிருந்த அதிகாரி தேதியைப் பார்த்துச் சிரித்தார். "உங்க கம்பெனியில மட்டும் ஏங்க எல்லாரும் சேர்ந்த அன்னைக்கே அடிபடுறாங்க?" நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

காலை_ஷிப்ட்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஆறு மணி ஷிப்ட்டுக்கு பைக்கில் போகும்போது 5.35-க்குத் திருமங்கலம் ரோட்டில் ஒரு மினி லாரி தட்டியது, கணுக்கால் முறிவு. வேலைக்குப் போகிற வழி விபத்தும் இ.எஸ்.ஐ. சட்டத்தின் 2010 திருத்தத்துக்குப் பிறகு கணக்கில் வரும் என்பதால் பணம் கிடைத்தது.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேலையில் காயம் என்றால் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அடிபட்ட நாளை விட்டுவிட்டு மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குணமாகும் வரை 90 சதவீதம். முதலாளி எழுதும் வரை காத்திருக்காதீர்கள், நீங்களே எழுதிக் கொடுக்கலாம், வாயால் சொன்னாலும் தகவல்தான். விரல் போனால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று மெடிக்கல் போர்டு சதவீதம் போடும். கட்டைவிரல் 30, ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14, இரண்டு கணு என்றால் 11. நாள் சம்பளம் 500 என்று வையுங்கள். 90 சதவீதம் 450, அதில் 11 சதவீதம் 49 ரூபாய் 50 காசு. 30 நாளுக்கு 1,485, ஆயுசு முழுக்க. 40,000-ஐ இதோடு வகுத்துப் பாருங்கள், 27 மாதம்கூட வரவில்லை! சதவீதம் குறைவு என்று பட்டால் மேல்முறையீடு உண்டு. இ.எஸ்.ஐ. வராத இடம் என்றால், 2025 நவம்பர் வரை இருந்த 1923-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டப்படி தொழிலாளர் துறையில் மனு, இரண்டு வருடத்துக்குள். கறுப்பு விரல் அண்ணே, கூட வேலை செய்தவர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு உடனே போங்கள்.

மாட்டுத்தாவணி:
அண்ணே, அவர் 2018 என்று போட்டிருக்கிறார். முழுசாகப் படித்தீர்களா? கூட வேலை செய்தவர்களாம், சாட்சியாம். அவர்கள் எல்லாரும் அங்கேதானே இன்னும் சம்பளம் வாங்குகிறார்கள்? டைம் ஆபீஸ் சார் இன்னும் மோசம். ரத்தம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருப்பவன் சட்டம் பேச வேண்டுமாம், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தேதியை மாற்றலாமாம்.

டைம்_ஆபீஸ்:
மாற்றியது தப்பு என்றுதானே எழுதினேன்.

கறுப்பு_விரல்:
சண்டை வேண்டாம். அந்த 1,485 கணக்கை நானும் முன்பே போட்டுப் பார்த்துவிட்டேன், மனைவியிடம் காட்டவில்லை. டாக்டர் கேட்டதற்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் பதில் வந்தது என்றுதான் புரியவில்லை. எங்கள் வீட்டில் அப்போது கிரைண்டரே கிடையாது. அம்மா தெருமுனைக் கடையில் மாவு பாக்கெட்தான் வாங்குவாள்.