புதுப்பிப்பு: கிறிஸ்துமஸ் பலகாரம் யாருக்குப் போனது?

நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் வருடாவருடம் சுடும் முந்திரிக்கொத்தையும் அச்சு முறுக்கையும் சொந்தக்காரர்களைத் தாண்டி யாருக்குக் கொடுக்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணை இருப்பவர்களுக்குக் கொடுங்கள் என்று ஒருவர் சொன்னார். அதுதான் சரியாக அமைந்தது. நோயாளிக்கு வார்டிலேயே சாப்பாடு வந்துவிடும்; கூட இருப்பவர்தான் வெளியே அலைய வேண்டும்.

முந்திரிக்கொத்து இதற்கென்றே செய்த பலகாரம். சிறுபயறை வறுத்துப் பொடித்து, வெல்லப் பாகில் தேங்காய், எள் சேர்த்து உருட்டி, அரிசி மாவுக் கரைசலில் முக்கிப் பொரிப்பது. தேங்காயை ஈரம் போக வறுத்துவிட்டால் பல நாள் கெடாது, பசியும் தாங்கும். சித்தி இந்த முறை இரட்டிப்பாகச் சுட்டார் (முணுமுணுத்துக்கொண்டேதான்). கேரல் பாடப் போகும் பையன்கள் பொட்டலம் கட்டினார்கள். மருத்துவமனையில் முன்கூட்டியே அனுமதி கேட்டோம். நோயாளிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றார்கள். நியாயம்தான்.

25ஆம் தேதி காலைத் திருப்பலி முடிந்ததும் கிளம்பினோம். பலகாரத்துக்கு முன்னால், கூடவே கொண்டுபோன சுக்குக் காபிதான் தீர்ந்தது! அடுத்த நாள் குளச்சல் அத்தை வீட்டுக்குப் போய், 2004 சுனாமியில் இறந்தவர்களுக்கான திருப்பலியில் கலந்துகொண்டோம். அடுத்த வருடம் காபிக்குப் பெரிய பாத்திரம் வேண்டும், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.