புதுப்பிப்பு: ஆற்றுக்கு இறங்கும் பாதையில் போட்ட கேட் திறந்தாச்சு

போன வருஷம் கேட்டிருந்தேன்: எங்கள் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆற்றுக்கு இறங்கும் பாதையை, காணி வாங்கிய பங்களாக்காரர் கேட் போட்டுப் பூட்டிவிட்டார், என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

சமரசம் பேச மத்தியஸ்த சபைக்கு அவர் வரவேயில்லை. கைகொடுத்தது, இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் காணித் தகராறுகளுக்கான 66ஆம் பிரிவைப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான். பொலிஸ் முறைப்பாட்டிலிருந்து வழக்கு போனது. கூண்டேறிச் சாட்சி சொல்லணும் என்று பயந்திருந்தோம், சத்தியக்கடதாசிகளே (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் வாக்குமூலங்கள்) போதுமாயிருந்தன. அப்பாயி காலத்திலிருந்து துணி துவைத்துத் தேய்ந்த கல், நடுவில் குழிந்துபோன படிகள், அந்தப் போட்டோக்களையும் இணைத்தோம்.

ஒன்று கவனியுங்கள்: கேட்டைத் திறக்கச் சொல்லி நீதிமன்றம் தந்தது, சமாதானம் குலையாமலிருக்கத் தரும் கட்டளை மட்டுமே. வழியுரிமை நிரந்தரமாக வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றம்தான்; அங்கே 10 வருஷத் தடையில்லாத பாவனையைக் காட்டணும். அதற்கும் இப்போது ஆவணம் சேர்க்கிறோம்.