மணிக்கட்டு முறிவு: மாவுக்கட்டா, பிளேட்டா?

காவிரிக்கரை:
அம்மாவுக்கு 71. பாத்ரூமில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முள்கரண்டியைக் கவிழ்த்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு டாக்டர் பிளேட் என்றார், இன்னொருவர் இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போதும் என்றார். மாவுக்கட்டுதான். ஆறு வாரம் கழித்து ரம்பம் வைத்துப் பிரித்தார்கள். உள்ளே இருந்த கை மெலிந்து, தோல் செதிலாக உரிந்து, கட்டைவிரல் பக்கம் கோணிப் போயிருந்தது. அம்மா அதை மற்ற கையால் தூக்கி, யாருடைய கையோ போல மடியில் வைத்துக்கொண்டார். இப்போது ஒரு வருடம். சப்பாத்தி தேய்க்கிறார், துணி பிழிய முடியவில்லை. பிளேட் வைத்திருக்கலாமோ என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஷட்டில்பிரியன்:
எனக்கு உடைந்தது ஸ்கேஃபாய்டு, கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இருக்கும் சின்ன எலும்பு. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, சுளுக்கு என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் வலியோடு ஆடினேன். வேறொரு டாக்டர் கட்டைவிரலடிக் குழியில் ஒரு அழுத்து அழுத்தினார், நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். எலும்பு கூடவே இல்லையாம். இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். மணிக்கட்டு சரி. இடுப்புதான் இன்னும் வலிக்கிறது.

மண்வாசம்:
எங்கள் மாமாவுக்குப் புத்தூர் கட்டிலேயே கூடிவிட்டது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கத்தி இல்லை, கம்பி இல்லை.

ஓய்வுவாத்தியார்:
மண்வாசம், மாமாவுக்கு எக்ஸ்ரே எடுத்தீர்களா? விலகாத முறிவு எந்தக் கட்டிலும் கூடும். விலகியிருந்தால்தான் பேச்சே. நான் பஸ் படியில் தவறி விழுந்து பிளேட் வைத்துக்கொண்டவன், என் கதை அவ்வளவுதான்.

காவிரிக்கரை, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 60 வயது தாண்டியவர்களை வைத்து இதையே சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்து இரு தரப்புக்கும் வலியிலோ கை வேலையிலோ சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கட்டுக்குள் எலும்பு மறுபடி நகரலாம், அது வேறு. பிரிட்டனில் 2022-ல் வந்த ஆய்வில், இழுத்து மாவுக்கட்டு போட்டவர்களில் சுமார் எட்டில் ஒருவருக்கு ஆறு வாரத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. முதல் வாரங்களில் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுப்பது அதற்குத்தான். கோணலைப் பார்க்காதீர்கள், பிடியைப் பாருங்கள். அப்புறம் அம்மாவுக்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள், இந்த வயதில் இப்படி உடைந்தால் எலும்பு மெலிவு இருக்கலாம். வைட்டமின் டி பாருங்கள். பாத்ரூமில் முதலில் ஒரு ரப்பர் மேட் போடுங்கள்.

காவிரிக்கரை:
நன்றி சார். மேட் போட்டுத்தான் இருந்தது. அதில்தான் வழுக்கினார்.