நீண்ட ஓட்டத்தில் ஜெல்லுக்குப் பதில் பேரீச்சம்பழம், வாழைப்பழம்: வயிறு ஏன் மக்கர் செய்கிறது?

நாலரைமணி அலாரம்:

நாங்கள் நான்கு பேர், வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சேர்ந்து ஓடுகிறோம். வார நாட்களில் 6, 7 கிலோமீட்டர்தான், வெறும் வயிற்றில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனாலும் ஒன்றும் தெரிவதில்லை. சிக்கலே ஞாயிற்றுக்கிழமைதான். அரை மாரத்தானுக்குப் பயிற்சி என்று 14, 16, 18 என்று ஏற்றிக்கொண்டே போகிறோம், எனக்கு 13 தாண்டியதும் கால் இரண்டும் என்னுடையவை இல்லை என்பது போல ஆகிவிடுகிறது. ஓடும்போது சக்திக்காக உறிஞ்சும் இனிப்புக் கூழ், அந்த ஜெல் பாக்கெட் வாங்கிப் பார்த்தேன், அந்த இனிப்பு தொண்டையிலேயே நின்று குமட்டுகிறது.

சரி, இயற்கையான உணவே சாப்பிடலாம் என்று போன வாரம் கிளம்புவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் இரண்டு வாழைப்பழம், அப்புறம் 8-வது கிலோமீட்டரில் நாலு பெரிய பேரீச்சம்பழம். 11-வது கிலோமீட்டரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தவன் வீடு வரைக்கும் நடந்தேதான் வந்தேன். கூட்டாளிகள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், அதில் ஒருவன் "வெறும் வயிற்றில் ஓடினால்தான் கொழுப்பு கரையும், தின்னாமல் வா" என்கிறான். 18 கிலோமீட்டருக்கு எனக்கு இரண்டு மணி பத்து நிமிஷம் ஆகிறது. பழத்தை வைத்தே ஓடுகிறவர்கள் எது, எவ்வளவு, எப்போது என்று சொல்லுங்கள்.

கிராம் கணக்கன்:

பழத்தின் மேல் பழி போடாதீர்கள், கணக்குதான் தப்பு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 27 கிராம் மாவுச்சத்து, பெரிய மெஜூல் வகைப் பேரீச்சம்பழம் ஒன்றில் சுமார் 18. நீங்கள் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் 120 கிராமுக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கிறீர்கள். இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு மணிக்கு 30 முதல் 60 கிராம், அதுவும் பழகிய வயிற்றுக்கு. ஓடும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போய்விடுகிறது, குடலுக்கு மிச்சம்தான். அந்த நேரத்தில் நாலு பழத்தை நார்ச்சத்தோடு சேர்த்து ஒரே இடத்தில் இறக்கினால் அது என்ன செய்யும், பாவம்.

வெறும் வயிற்றுக் கதைக்கு வருவோம். ராத்திரி தூங்கும்போது கல்லீரலில் இருக்கும் கிளைகோஜன்தான் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை) பெரும்பாலும் குறைகிறது, தசையில் இருப்பது அநேகமாக அப்படியே இருக்கும். அதனால்தான் 6, 7 கிலோமீட்டருக்கு உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் என்றால் விஷயம் வேறு. ஓடும் அந்த நேரத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக எரியலாம், ஆனால் எடை குறைவதை முடிவு செய்வது அன்றைக்கு முழுக்கச் சாப்பிட்டதும் செலவழித்ததும்தான். கூட்டாளியிடம் சொல்லுங்கள்.

நான் செய்வது: கிளம்புவதற்கு முக்கால் மணி முன்பு ஒரே ஒரு வாழைப்பழம், நன்றாகப் பழுத்தது. 40-வது நிமிஷத்திலிருந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை பாதிப் பேரீச்சம்பழமும் இரண்டு வாய் தண்ணீரும். மணிக்கு 27 கிராம் வரும். அதை வயிறு ஏற்றுக்கொண்ட பிறகு கூட்டலாம்.

மேட்டில் நடப்பவன்:

கணக்கெல்லாம் சரி ப்ரோ, ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டே பேரீச்சம்பழத்தை மென்று பார்த்திருக்கிறீர்களா? எனக்கு ஒருமுறை துண்டு தொண்டையில் சிக்கி இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து மேடு வரும் இடத்தில் மட்டும்தான் தின்பேன், நடந்துகொண்டே. கொட்டையை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள், இருட்டில் பல் போய்விடும்.

உலர்திராட்சை இன்னும் சௌகரியம், ஒரு கைப்பிடி, 40 கிராம் இருக்கும், அதில் 30 கிராமுக்குக் கொஞ்சம் மேல் மாவுச்சத்து. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஓட்டக்காரர்களை 80 நிமிஷம் ஓடவிட்டு, அதன் பிறகு 5 கிலோமீட்டரை முடிந்த வேகத்தில் ஓடச் சொன்னார்கள். உலர்திராட்சை தின்றவர்களும் விளையாட்டு வீரர்களுக்கென்று கடையில் விற்கும் சக்தி மிட்டாய் தின்றவர்களும் ஒரே நேரம்தான், வெறும் தண்ணீர் குடித்தபோது சுமார் ஒரு நிமிஷம் பின்தங்கினார்கள். தேனும் நல்லது, ஒரு மேசைக்கரண்டியில் 17 கிராம். ஆனால் அதில் ஃப்ரக்டோஸ் என்கிற பழச் சர்க்கரை கொஞ்சம் அதிகம், நிறைய விட்டால் சிலருக்கு வயிறு கலக்கும். உங்களுக்கு ஜெல் இனிப்பே குமட்டுகிறது என்றால் தேனும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உப்புப் போட்ட அவித்த உருளைக்கிழங்கை முயன்று பாருங்கள். 100 கிராமுக்கு 20 கிராம்தான் கிடைக்கும், சுமை அதிகம், ஆனால் அந்த உப்பு வியர்வையில் போவதற்கு ஈடு. பழங்களில் சோடியம் இல்லவே இல்லை என்றே சொல்லலாம்.

மெதுவோட்டக்காரர்:

தம்பி, எல்லோரும் சாப்பாட்டையே பேசுகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான், அந்த 13 கிலோமீட்டரும் நீங்கள் பேசிக்கொண்டே ஓடினீர்களா, அல்லது மூச்சிரைக்க மற்றவர்கள் பின்னால் ஓடினீர்களா? நாலு பேர் சேர்ந்தால் ஒருவன் அரையடி முன்னால் போவான், அடுத்தவன் அதை விட மாட்டான், மூன்றாவது கிலோமீட்டரிலேயே எல்லோரும் போட்டியில் இருப்பார்கள், வாயால் மட்டும் "இன்றைக்கு மெதுவாகத்தான்" என்பார்கள். வேகம் கூடினால் கிளைகோஜன் சீக்கிரம் தீரும், வயிற்றுக்கு ரத்தமும் இன்னும் குறையும். அந்த வேகத்தில் எந்தப் பழமும் இறங்காது. முதல் 10 கிலோமீட்டர் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் போங்கள். முடியாதவனைப் பின்னால் ஓடவிடாமல் முன்னால் விடுங்கள், அவன் வேகம்தான் கூட்டத்தின் வேகம்.

நாலரைமணி அலாரம்:

இரண்டு ஞாயிறு கழித்து எழுதுகிறேன். முதல் வாரம் உருளைக்கிழங்கு, பையில் நசுங்கிக் கூழாகிவிட்டது, சுவை பிடித்திருந்தது, எடுத்துத் தின்பதற்குள் கை முழுக்க அப்பிவிட்டது. இந்த வாரம் முக்கால் மணி முன்பு ஒரு பழம், வழியில் பாதிப் பாதியாகப் பேரீச்சம்பழமும் நடுவில் கொஞ்சம் உப்புத் தண்ணீரும். மெதுவோட்டக்காரர் சொன்னபடி என்னை முன்னால் விடச் சொன்னேன், முனகிக்கொண்டே விட்டார்கள். 18 கிலோமீட்டர், இரண்டு மணி பதினாறு நிமிஷம், கடைசி வரை ஓடினேன். ஆறு நிமிஷம் கூடுதல்தான், ஆனால் நடக்கவில்லை.

தின்னாமல் வா என்றவன் 15-வது கிலோமீட்டரில் என் பையைப் பார்த்துக் கை நீட்டினான். இப்போது அவனுக்கும் சேர்த்து எடுத்துப்போக வேண்டியிருக்கிறது. கை ஒட்டாமல் பேரீச்சம்பழத்தை எடுத்துப்போக வழி இருக்கிறதா?

மேட்டில் நடப்பவன்:

பாதியாக வெட்டி எண்ணெய்த்தாளில் தனித்தனியாகச் சுற்றிக்கொள்ளுங்கள், முனையை முறுக்கினால் மிட்டாய் மாதிரி வரும். தாளை வழியில் போடாமல் பைக்குள்ளேயே போடுங்கள்.