ஆராய்ச்சிக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு? நீங்கள் வாங்கிய அனுபவத்தை எழுதுங்கள்

புதிதாகச் சேரும் ஆய்வு மாணவர்கள் எல்லாரும் "ஆராய்ச்சிக்கு வொர்க்ஸ்டேஷன் கார்டுதானே வாங்கணும்?" என்றே கேட்கிறார்கள், அதனால் எங்கள் லேபில் நடந்ததை முதலில் எழுதுகிறேன். எங்களில் பாதிப்பேர் புரதங்களை வைத்து மாலிக்யூலர் டைனமிக்ஸ் (அணுக்களின் அசைவைக் கணினியில் போட்டுப் பார்ப்பது) ஓட்டுகிறவர்கள், மீதிப்பேர் குவாண்டம் எஸ்பிரெசோ என்ற மென்பொருளில் படிகங்களைக் கணக்கிடுகிறவர்கள். பட்ஜெட் ஒன்று, தேவை இரண்டு.

மாலிக்யூலர் டைனமிக்ஸ் மென்பொருள்களான குரோமாக்ஸ், ஆம்பர் இரண்டும் பெரும்பாலான கணக்கை சிங்கிள் பிரெசிஷனில் (ஒரு எண்ணுக்கு 32 பிட்) போட்டுவிட்டு, அவசியமான இடத்தில் மட்டும் துல்லியத்தைக் கூட்டிக்கொள்ளும். அதற்கு என்விடியாவின் கேமிங் கார்டான ஆர்டிஎக்ஸ் 4090 தாராளமாகப் போதும். ஒரு லட்சம் அணுக்கள் உள்ள சிஸ்டம்கூட அதன் 24 ஜிபியில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

எஸ்பிரெசோ அப்படி இல்லை, டபுள் பிரெசிஷன் (64 பிட், கூடுதல் துல்லியம்) கேட்கும். 4090இல் டபுளின் வேகம் சிங்கிளில் 64இல் ஒரு பங்கு. 82 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு 82 லட்சம் கோடி கணக்கு) என்று பெருமையாகச் சொல்கிற கார்டு இங்கே 1.3க்கு வந்து நிற்கும். சரி, வொர்க்ஸ்டேஷன் கார்டான ஆர்டிஎக்ஸ் 6000 ஏடா வாங்குங்கள், சயின்டிஃபிக் வேலைக்கென்றே செய்தது என்று ஒரு விற்பனையாளர் கொட்டேஷனோடு வந்தார். அதிலும் அதே 64இல் ஒரு பங்குதான்! இரண்டிலும் உள்ளே இருப்பது ஏடி102 சிப். கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு 48 ஜிபி மெமரி கிடைக்கும், 450 வாட் 300 ஆகக் குறையும், டபுள் பிரெசிஷன் மட்டும் கிடைக்காது. இதை எந்தக் கொட்டேஷனிலும் எழுத மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். நாங்கள் 4090 வாங்கினோம், எஸ்பிரெசோ ஆட்கள் பொது கிளஸ்டரில் என்விடியாவின் டேட்டாசென்டர் கார்டான ஏ100க்கு வரிசையில் நிற்கிறார்கள். அதில் டபுள் 9.7 டெராஃப்ளாப்ஸ், காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

*

அண்ணா, டபுள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஆனால் 6000 ஏடாவை அதோடு ஒதுக்கிவிடாதீர்கள். நாங்கள் கிரையோ-இஎம் (உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கி) படங்களை ரிலயான் மென்பொருளில் ஓட்டுகிறோம், பாக்ஸ் சைஸ் (ஒவ்வொரு துகளுக்கும் வெட்டியெடுக்கும் படத்தின் அளவு) பெரிதானால் 24 ஜிபி நிரம்பி வேலை நடுவிலேயே செத்துப்போகும், 48இல் ஓடி முடியும். அப்புறம் சூடு. 4090 மூன்று ஸ்லாட் தடிமன், பல மாடல்கள் அதற்கும் மேல், மின்விசிறி காற்றைப் பெட்டிக்குள்ளேயே சுற்றவிடும். இரண்டை நெருக்கி வைத்தால் ஒன்று விடும் வெந்த காற்றை அடுத்தது உறிஞ்சும். கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கருவியைத் திறந்து பாருங்கள், மேல் கார்டு 83 டிகிரியைத் தொட்டதும் கிளாக் படிப்படியாக இறங்குவது தெரியும். 6000 ஏடா இரண்டே ஸ்லாட், புளோயர் காற்றைப் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும். ஒரே பெட்டியில் நான்கு கார்டு போடுகிறவர்களுக்கு அந்த விலை நியாயமானது.

*

டபுள் வேண்டும், ஏ100க்குக் காசில்லை என்கிறவர்களுக்கு: 2017இல் வந்த டைட்டன் வியைத் தேடுங்கள். டபுளில் சிங்கிளின் பாதி வேகம் தரும், என் சொந்த ஃப்ளூயிட் கோட் அதில்தான் ஓடுகிறது. 2013இன் முதல் டைட்டனிலேயே மூன்றில் ஒரு பங்கு கொடுத்தார்கள், அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஆனால் மெமரி 12 ஜிபிதான், கூடவே குடா (என்விடியா கார்டில் கோட் ஓட்ட வேண்டிய மென்பொருள்) 13ஆம் பதிப்பில் வோல்டாவை, அதாவது டைட்டன் வியின் சிப் தலைமுறையை, கைவிட்டுவிட்டார்கள், 12இலேயே நிற்க வேண்டும். உங்கள் கோடுக்குப் புதிய குடா கட்டாயம் என்றால் வாங்காதீர்கள்.