பழைய காரை யாரிடம் ஒப்படைப்பது? திருகோணமலை அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்:

பழைய கார் வைத்திருப்பவர்கள் தங்கள் கராஜ் அனுபவங்களை எழுதலாம் என்று கேட்டிருந்ததால், என்னுடையதை முதலில் வைக்கிறேன். என்னிடம் இருப்பது 1963ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. 1098 சிசி எஞ்சின், நான்கு கதவுகள், பழைய ஸ்ரீ எழுத்து இலக்கத் தகடு. அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. கிழமைக்கு இரண்டு முறை சந்தைக்கும் வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்கும் போய்வருவதைத் தவிர இப்போது அதற்கு வேறு வேலை இல்லை.

சென்ற ஆவணியில் பற்றரி செயலிழந்தபோது நகரத்துக் கடையொன்றில் புதியதை வாங்கி அங்கேயே பூட்டுவித்தேன். பூட்டிய பையனுக்கு இருபது வயது இருக்கும். இன்று வீதியில் ஓடும் கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பற்றரியின் மறை முனைதான் வண்டியின் உடலோடு இணைக்கப்படுகிறது. மொரிஸ் மைனரில் நேர் முனைதான் உடலுக்குப் போகும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்த நானோ கடைக்காரரோடு விலை பேசிக்கொண்டு நின்றேன். பற்றரியின் நேர் முனை மற்றதைவிடச் சற்றுப் பருமனானது. ஆகவே, இடம் மாறிய கவ்வி அதன் மேல் இறங்க மறுத்தது. பையன் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி இறக்கிவிட்டான். காரும் இயங்கியது. இயங்காமல் இருந்திருந்தால் பிழை அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

மூன்றாம் நாள், உப்புவெளியிலிருந்து திரும்பும் வழியில் எஞ்சின் தடுமாறி, பொனற்றுக்குள்ளிருந்து கருகிய மணம் வந்தது. தொலைபேசியில் விசாரித்தபோது ஒரு வேலைத்தளத்தார் காரைப் பார்க்காமலே, பற்றரிக்கு மின்னேற்றும் பழைய டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த வேலைக்கு இக்கால ஓல்ற்றனேற்றர் போடலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்த ஒருவரின் லொறியில் கயிறு கட்டி, பாலையூற்றுப் பக்கத்தில் பழைய இங்கிலாந்துக் கார்களை மட்டும் பார்க்கும் ஒருவரிடம் இழுத்துச் சென்றேன்.

நான்கு தூண்களின் மேல் தகரக் கூரை, பக்கத்தில் ஒரு வேம்பு; கராஜ் என்றால் அவ்வளவுதான். நடத்துபவர் எழுபதை நெருங்கிய சுன்னாகத்துக்காரர். 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காமல் போனபோது, காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்களே, அந்தக் கார்களைப் பராமரித்துப் பழகிய கை அவருடையது. பொனற்றைத் திறந்தவர் ஆயுதம் எதையும் எடுக்கவில்லை. பற்றரிக் கவ்வியில் இருந்த சுத்தியல் தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். "சேர், பொக்கெற்றில இருக்கிற அந்தப் பென்சிலைத் தாங்கோ" என்றார்.

எஞ்சினை ஒருவாறு இயங்க வைத்து, ஒரு ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிளக்குக்குச் சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டார். பொறி பாயும் அந்த இடைவெளிக்குள் பென்சிலின் கூர்முனையை நுழைத்தார். பொறியின் ஒரு பக்கத்தில் மட்டும் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு வால் தெரிந்தது. அந்த வால் பென்சிலுக்கும் பிளக்குக்கும் இடையில் விழுந்தால், பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயிலின் முனைகள் சரி. வயர்ப் பக்கம் விழுந்தால் தலைகீழ். எங்களுடையது வயர்ப் பக்கம் விழுந்தது. பென்சிற்கரி மின்னைக் கடத்தும் என்று முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். அதற்கு இப்படியொரு பயன் இருப்பதை அந்த வேம்பின் கீழ்தான் அறிந்தேன்.

அதன் பிறகு வேலை விரைவாக நடந்தது. பற்றரியைத் திருப்பி வைத்து, புதிய கவ்விகள் பூட்டினார். டைனமோ ஒரு திசையிலும் பற்றரி எதிர்த்திசையிலும் நின்றதால், இரண்டையும் இணைத்துத் துண்டிக்கும் கட்அவுட் பெட்டிக்குள் தொடுமுனைகள் கருகியிருந்தன. அவற்றை மெல்லிய மண்கடதாசியால் தேய்த்தெடுத்தார். டைனமோவின் காந்தம் திசை மாறியிருக்குமோ என்ற சந்தேகம் தீர, அதன் காந்தச்சுருளுக்குப் போகும் எஃப் முனை வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் மறை முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து அந்த முனையில் இரண்டு முறை தொட்டெடுத்தார். டைனமோவும் கொயிலும் பழையவையே. இன்றுவரை ஓடுகின்றன.

நான் புறப்பட ஆயத்தமானபோது, முன்சக்கரங்களுக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தது என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சேர்விஸ் நிலையத்தில் அடித்தார்கள் என்றேன். அவர் காரை ஜக்கில் தூக்கி, வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டான ட்ரனியனில் இருந்த கிரீஸ் நிப்பிளை முறுக்கி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் துவாரம் காய்ந்த பழம்புளி போல இறுகிப்போன பழைய கிரீஸால் அடைபட்டிருந்தது. கிரீஸ் வெளியே பூசப்பட்டிருந்ததே தவிர உள்ளே ஒரு துளியும் போகவில்லை. மொரிஸ் மைனரில் இது விளையாட்டல்ல. அந்த ட்ரனியன் மரைகளால் பிடித்து நிற்கும் துண்டு. 3000 மைலுக்கு ஒருமுறையேனும் கிரீஸ் ஏறாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் வளைவில் திரும்பும்போது சக்கரம் காருக்கடியில் மடிந்துவிடும். கடற்காற்றில் நிற்கும் கார்களுக்கு அந்தத் தவணையையும் அவர் பாதியாகக் குறைத்துச் சொல்கிறார். சக்கரம் தொங்கும் நிலையில்தான் கிரீஸ் முழு மரைக்கும் பரவும் என்பதால் ஜக்கை இறக்காமலே அடித்தார். முதலில் துருநிறத் தண்ணீர் கசிந்தது. பிறகு கறுப்புத் துகள்கள். நல்ல கிரீஸ் வெளியே எட்டிப்பார்க்க நெடுநேரம் ஆயிற்று. மரையில் ஆட்டம் இருந்ததால் அந்த ட்ரனியனை மட்டும் மாற்றினோம். இடப்பக்கத்துக்குத் துண்டு தேட வேண்டியிருந்தது.

நிலாவெளியிலிருந்து, வங்கி ஊழியர்:

ஆசிரியர் ஐயாவுக்குப் பென்சில் என்றால் எனக்கு ஒரு நூல்துண்டு. என்னுடையது அவ்வளவு பழமையான கார் அல்ல. நிசான் சனி எஃப்பி14, பெற்றோல் இன்ஜெக்ஷன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கார் விலைகள் ஏறிய ஏற்றத்தில் அதை மாற்றும் எண்ணத்தையே கைவிட்டேன்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வைத்தார்கள். நகரத்துக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர். ஐந்து நாள் போய்வந்தால் 150. முன்பு லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடிய கார் அப்போது 9ஐத் தாண்டவில்லை. குச்சவெளியில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்த்துவர மிச்சம் இருக்காது. ஓரிடத்தில் இன்ஜெக்டர்களை மாற்றச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் எஞ்சினையே இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

கண்டி வீதியில் யப்பானியக் கார்களை மட்டும் பார்க்கும் ஒரு தம்பி இருக்கிறார். அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. பக்கத்து ஆசனத்தில் ஏறி, சீனக்குடா வரை ஓட்டச் சொன்னார். வழி முழுவதும் அவர் பார்த்தது வெப்பமானி முள்ளை. அது கால்வாசிக்கு மேல் ஏறவில்லை. "அக்கா, இந்த எஞ்சின் சூடாகிறதே இல்லை" என்றார். திரும்பி வந்து, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாத தேர்மோஸ்டாட் இருக்க வேண்டிய மூடியைக் கழற்றினால் உள்ளே வெறுமை. சில வருடங்களுக்கு முன் ஹபரணையருகே கார் கொதித்தபோது, அங்கே பார்த்த ஒருவர், எங்கள் நாட்டு வெயிலுக்கு இது தேவையில்லை என்று கழற்றியிருந்தார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று உணரி சொல்லச் சொல்ல, கணினி கூடுதலாகப் பெற்றோலைத் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

புதிதாக வாங்கிய தேர்மோஸ்டாட்டையும் அவர் அப்படியே பூட்டிவிடவில்லை. அதன் வாயில் ஒரு நூலைக் கவ்வவைத்து, தேநீர் வைக்கும் சட்டியில் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வைத்தார். வாய் திறந்ததும் நூல் நழுவி அது 'டங்' என்று சட்டியின் அடியில் விழுந்தது. வெப்பமானி 82 காட்டியது. அதன் விளிம்பில் பொறித்திருந்ததும் 82. முன்பு கார் கொதித்ததற்குக் காரணம் ரேடியேற்றர் மூடியின் வெடித்த ரப்பர் என்பதும் அன்றே தெரிந்தது. அடுத்த மாதத்திலிருந்து அம்மாவிடம் போய்வரப் பெற்றோல் இருந்தது.

கிண்ணியாவிலிருந்து, வியாபாரி:

இருவரும் நல்லதையே எழுதியிருப்பதால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். வேம்பையும் பென்சிலையும் வாசித்தபோதே ஆசிரியர் குறிப்பிடும் கராஜ் எதுவென்று விளங்கிவிட்டது. அவருடைய கைத்திறமையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வாப்பாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ60 இரண்டாம் கியருக்கு மாற்றும்போது கரகரவென்று அரைத்தபோது, கியர்ப்பெட்டியை இறக்கி, பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது என்று அரை நாளில் கண்டுபிடித்தவர் அவர்தான். கண்டுபிடித்த பிறகு ஏழு மாதம் அந்தக் கார் அவருடைய வளவில் நின்றது.

வளையம் கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் இல்லை என்றார், பிறகு வருகிறது என்றார், பிறகு வந்தது வேறு மொடலுக்கு உரியது என்றார். ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அவர் வரும் கார்களில் ஒன்றையேனும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பமாட்டார். ஒரு நேரத்தில் பத்து கார் அங்கே திறந்து கிடக்கும். நான் ஆடியில் விட்ட கார் மார்கழி மழை முழுவதையும் வேம்பின் கீழ் வாங்கிக்கொண்டது. முன்கண்ணாடி ரப்பருக்குள் இறங்கிய தண்ணீர் கம்பளத்தின் அடியில் தேங்கி, சாரதி பக்கத்துத் தகரம் விரலால் குத்தினால் உடையும் அளவுக்கு உக்கிப்போயிற்று. கியர்ப்பெட்டி திருத்திய செலவைவிடத் தகர வேலைக்கான மதிப்பீடு அதிகம். எழுத்தில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாததால் எந்தத் திகதியைச் சொல்லி வழக்காடுவது? கியர் இப்போது வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மீண்டும் உவர்மலையிலிருந்து:

கிண்ணியா நண்பர் எழுதியது முழுவதும் சரி. நான் தப்பியதற்குக் காரணம், காரை அங்கே ஓர் இரவுகூட விடுவதில்லை என்பதுதான். துண்டு கையில் வந்த பிறகே கொண்டுபோவேன். ஒரு நாளைக்கு ஒரு வேலை. அது முடியும்வரை வேம்பின் கீழ் ஒரு கதிரையில் இருப்பேன். இதற்கு நேரம் வேண்டும், ஓய்வூதியக்காரனுக்கு அது உண்டு. கடை நடத்துபவருக்கு அதைச் சொல்வது நியாயமாகாது. இடப்பக்க ட்ரனியன் இப்போது கிடைத்துவிட்டதால் நேற்று அதைப் பூட்டுவிக்கப் போயிருந்தேன்.

போன இடத்தில், பெயர் ஊர் சொல்லாமல், ஏழு மாதக் கதையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கிரீஸ் கன்னைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய், மேசை லாச்சியிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து வந்து என்னிடம் நீட்டி, காரைக் கொண்டுவந்த திகதியை இனி நானே அதில் எழுதிவைக்க வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். சக்கரத்தைத் திரும்பப் பூட்டி நட்டுகளை முறுக்கிக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "அந்த ஏ60க்குத் தகரம் போட்டாச்சுதாமோ, சேர்?"