சுண்டெலி முழங்காலில் நான் கண்ட "எலும்பு முள்": உங்களுக்கும் இப்படி நடந்ததா?

ஈரத்துணி:
மூட்டுத் தேய்மானத்தை வரவழைக்க, முழங்காலுக்குள் மெத்தைபோல இருக்கும் உள்பக்க மெனிஸ்கஸின் பிடிப்பைத் துண்டிக்கும் டி.எம்.எம். அறுவை முடிந்து இரண்டாவது வாரம். மைக்ரோ சி.டி. என்ற நுண்ணிய எக்ஸ்ரே அடுக்குப் படத்தை வெட்டு வெட்டாகத் தள்ளிக்கொண்டு போகிறேன். மூட்டு இடைவெளியின் முன்பக்கம் பளிச்சென்று ஒரு வெள்ளைத் துணுக்கு! இத்தனை சீக்கிரம், தேய்ந்த மூட்டின் விளிம்பில் வளரும் எலும்பு முள்ளா என்று இரவு பதினொன்றரைக்கே வழிகாட்டிக்கு அனுப்பிவிட்டேன். காலையில் ஒரே வரிப் பதில்: "அறுவை செய்யாத சுண்டெலியைப் பார்த்தாயா?" பார்த்தேன். அதே இடம், அதே துணுக்கு, இரண்டு காலிலும். சுண்டெலியின் மெனிஸ்கஸ் முனைகளில், அதாவது கொம்புகளில், இயல்பாகவே எலும்பு உண்டாம். ஆறு ஆண்டுகள் ஆகின்றன, அந்த ஒற்றை வரி இன்னும் உறுத்துகிறது.

உப்புநீர்:
எனக்கு எலி, முன் சிலுவைத் தசைநார் அறுத்து நான்கு வாரம். வெறும் மைக்ரோ சி.டி.யில் குருத்தெலும்பு தெரியாது என்பதால் எதிர்மின்னூட்டம் கொண்ட அயோடின் சாயத்தில் ஊறவைத்தேன். புரோட்டியோகிளைக்கான் என்ற, தானும் எதிர்மின்னூட்டம் கொண்ட பொருள் நிறைந்த குருத்தெலும்பு சாயத்தைத் தள்ளிவிடும். அந்தப் பொருள் குறைந்த இடத்தில் சாயம் நுழைந்து வெளுப்பாகத் தெரியும். எல்லாம் சரி, குழாய்க்குள் ஈரத்துணி வைக்க மறந்துவிட்டேன். கடைசி மணி நேரத்தில் குருத்தெலும்பு காய்ந்து சுருங்கியது. படத்தில் விளிம்பு இரட்டையாக விழுந்திருந்தது. "கருவி ஆடிவிட்டது" என்று குழுவில் சொன்னேன். இன்று வரை அப்படித்தான் நம்புகிறார்கள்.

மூத்தவன்:
ஈரத்துணி, அது மன்னிக்கக்கூடிய பிழையே இல்லை. அறுவைக்கு முன்பே ஒரு படம் எடுத்திருந்தால் முடிந்திருக்கும். எதிர்க் காலை ஒப்பீடாக நம்பாதீர்கள்; நொண்டும் விலங்கு பாரத்தை அந்தக் காலுக்கு மாற்றிவிடும். போலி அறுவை (மூட்டைத் திறந்து, எதையும் துண்டிக்காமல் மூடுவது) செய்த தனிக் குழு வேண்டும். டி.எம்.எம். என்றால் ஆண் சுண்டெலிகளை எடுங்கள், பெண்ணில் தேய்மானம் லேசாகவே வரும். படத்தை அளப்பவருக்கு எந்தக் குழு என்று தெரியக்கூடாது. குருத்தெலும்புக்குக் கீழே உள்ள எலும்பை உள்பக்கம், வெளிப்பக்கம் என்று தனித்தனியாக அளக்க வேண்டும். சேர்த்துச் சராசரி எடுத்தால் ஆரம்ப மாற்றம் காணாமல் போய்விடும். எத்தனை படம் எடுத்தாலும் கடைசியில் சாஃப்ரனின் ஓ (புரோட்டியோகிளைக்கானைச் சிவப்பாகக் காட்டும் சாயம்) இட்ட திசு வெட்டுகள்தான் சாட்சி. என் கதை சிறியது: ஆரோக்கியமான ஒப்பீட்டுக் குழு என்று டங்கின் ஹார்ட்லி இனக் கினிப் பன்றிகளை வாங்கினேன். அவற்றுக்கு மூன்று மாத வயதிலேயே தேய்மானம் தானாகத் தொடங்கிவிடும்.

காந்தம்:
கினிப் பன்றியை ஆரோக்கியக் குழுவாக வாங்கியவர் மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறார்! இருக்கட்டும். 7 டெஸ்லா எம்.ஆர்.ஐ.யில் எலியின் தொடையெலும்பு முனையில் டி2 மதிப்பு (திசுவின் எம்.ஆர்.ஐ. சமிக்ஞை மங்க எடுக்கும் நேரம்) கூடிய ஒரு பட்டை தெரிந்தது. ஆரம்பத் தேய்மானத்தில் டி2 கூடும் என்பதால் குதித்தேன். பக்கத்து மேசைத் தோழி மட்டும், "வளைவு சரியாக அங்கேதானே திரும்புகிறது?" என்றாள். காலைச் சற்றுச் சாய்த்துக் கட்டி மறுபடி எடுத்தோம். நோய் நகர்ந்து வேறு இடத்துக்குப் போயிருந்தது! குருத்தெலும்பின் கொலாஜன் (புரத) இழைகள் காந்தப்புலத்துக்கு ஏறத்தாழ 55 பாகையில் நின்றால் டி2 பொய்யாகக் கூடும். எலி ஐசோஃப்ளுரேன் மயக்கத்தில் பாவம், ஒரு முறைக்கு இரண்டு முறை கிடந்தது.

ஈரத்துணி:
காந்தம், காலை எதில் கட்டுகிறீர்கள்? நாங்கள் நாடாவால்தான் ஒட்டுகிறோம், ஒவ்வொரு முறையும் கோணம் மாறுகிறது.

மூத்தவன்:
நாடாவா? முதலில் அதை நிறுத்துங்கள்.